மருந்தின் நான்காம் கூறு

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரம் பெரும்பாலும் உணவைப் பற்றியே பேசுகின்றது. முன்னர் உண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்பானுக்கு மருந்தென ஒன்று வேண்டப்படாது என்பது அதன் முற்பகுதியின் சாரம். ஆயினும் நோய் புகுந்துவிட்ட வீட்டையும் ஆசிரியர் மறந்தாரல்லர். அதிகாரத்தின் இறுதியில், 950-ஆம் குறளில், மருத்துவம் நான்கு கூறுடையது என வகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவன் முதற்கூறு, அந்நோயைத் தீர்க்கும் மருத்துவன் இரண்டாங்கூறு, மருந்து மூன்றாங்கூறு, நோயாளியின் அருகிலிருந்து அம்மருந்தைப் பிழையாது ஊட்டிப் பேணுபவன் நான்காங்கூறு. இந்நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்' என்பது. உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். ஆகவே பக்கத்தே நின்று நடப்பவன் உழைச்செல்வான். சொல் ஆண்பாலாயினும் பெண்பாலையும் தழுவி நிற்கும் என்பது இலக்கணம் பயின்றார் அறிந்ததே.

இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், நான்கு கூறும் தனித்தனியே நந்நான்கு வகைப்பட்டு மொத்தம் 16 ஆகும் என விரிக்கின்றார். வடமொழியிலுள்ள சரக சங்கிதையிலும் இத்தகைய பகுப்பு உண்டு. உழைச்செல்வானுக்கு அவர் வேண்டும் பண்புகள் நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய் ஆகியவற்றின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் திறம், அறிவு என்பன. நோயாளிக்கு வேண்டுவனவற்றுள் முதலாவதாகப் பொருள் உடையனாதலை வைத்தார். மருந்துக்கு வேண்டுவனவற்றுள் எளிதிற் கிடைத்தலையும் ஒன்றாகச் சேர்த்தார். பணமும் விலையும் மருத்துவத்திற்குப் புறம்பானவை அல்ல, அதன் உறுப்புகளே என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தமை இதனால் விளங்கும்.

இவ்வுரையை அளவுகோலாகக் கொண்டு, புற்றுநோய்வாய்ப்பட்ட மனைவிக்குக் கணவனும், கணவனுக்கு மனைவியும் எங்ஙனம் துணைநிற்பது, அச்சிகிச்சையின் செலவை எங்ஙனம் தாங்குவது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இல்லறம் காணாத மாணவனுக்கு இப்பொருளில் என்ன உரிமை என்று சிலர் வினவலாம். நம்முட் பலருடைய தாய்தந்தையர் நாற்பது வயதைக் கடந்தவர்கள். பல வீடுகளில் கல்லூரிப்படியை மிதித்த முதல் ஆள் நாமே. மருத்துவமனையார் தரும் தாளை வாங்கிப் படித்து, அதன் பொருளைத் தாய்க்கும் தந்தைக்கும் சொல்ல வேண்டியவரும் நாமே. ஆதலின் இதனை அறிந்துவைத்தல் நமக்கும் கடமையாகும்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சிற்றூர் ஒன்றில் கணவன் தையற்கடை வைத்திருக்கின்றான். மனைவி வீட்டையும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, கடைக்குப் பொத்தான் கட்டியும் கொடுக்கின்றாள். அவள் மார்பில் ஒரு கட்டி தோன்றுகின்றது. வலியில்லை, ஆகவே சில மாதங்கள் ஒருவரிடமும் சொல்லாதிருக்கின்றாள். நாணம் ஒரு காரணம். செலவாகுமே என்ற அச்சம் அதனினும் பெரிய காரணம். பின்னர் ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று தெரிகின்றது. அன்றுமுதல் அக்குடும்பம் செல்லவேண்டிய வழி நீண்டது. கீமோதெரபி எனப்படும் மருந்தேற்றம் பெரும்பாலும் மூன்று வாரத்திற்கொருமுறையாகச் சில மாதங்கள் நடைபெறும். அறுவைச் சிகிச்சை உண்டு. அதன்பின் வாரத்தில் ஐந்து நாளாகச் சில வாரங்கள் கதிர்வீச்சுச் சிகிச்சை தேவைப்படலாம். கட்டியின் தன்மை இடங்கொடுக்குமாயின் ஐந்தாண்டோ அதற்கு மேலோ நாள்தோறும் மாத்திரை உண்ணவேண்டும். இவ்வழி முழுதும் அவள் பக்கத்தே நடக்க வேண்டியவன் அக்கணவனே.

பண்புகளுள் முதலாவது அன்பு. கணவன் படுத்தால் மனைவி இரவும் பகலும் கட்டிலருகே இருத்தல் நம் நாட்டில் இயல்பாகக் கொள்ளப்படுகின்றது. மனைவி படுத்தாலோ, அவளைத் தாய்வீட்டிற்கு அனுப்பிவிடும் வழக்கம் பல குடும்பங்களில் இன்றும் காணப்படுகின்றது. சமையலும் பிள்ளைகளும் என்னாவது என்று அதற்குக் காரணமும் கூறுவர். திருமண நாளில் சபை முன்னிலையில் நோயிலும் உடனிருப்பதாக வாக்களித்தவர் இருவரேயன்றி ஒருவரல்லர். தாய்வீட்டாரின் உதவி வேண்டப்படுவதே. ஆயினும் அவ்வுதவி கணவனுடைய இடத்தை நிரப்பிவிடாது. மருந்தேற்றும் நாளில் அவன் கடையை அடைத்துவிட்டு உடன்செல்வதும், தலைமயிர் உதிரும் நாளில் முகம் மாறாதிருப்பதும், ஏன் முன்னமே சொல்லவில்லை என்று ஒருமுறையும் கேளாதிருப்பதும் அன்பின் செயல்கள். புற்றுநோய் தொட்டால் ஒட்டுவதன்று. தனித்தட்டும் தனிப்பாயும் வேண்டுவதில்லை. இவ்வுண்மையை உறவினர் அறியுமாறு கணவன் அவளோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணல் நூறு பேச்சினும் மேலானது.

இரண்டாவது தூய்மை. மெய்த்தூய்மையை முதலிற் கூறுவோம். மருந்தேற்றிய பின் ஏறத்தாழ 7 முதல் 14 நாளுக்குள் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும். நோய்க்கிருமிகளை எதிர்க்கும் படை குறைந்திருக்கும் அந்நாட்களில், மற்றவர்க்குச் சிறிதாகத் தோன்றும் காய்ச்சலும் அவள் உயிருக்குக் கேடாகலாம். ஆகவே கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல், நன்றாக வெந்த உணவையே சூட்டோடு கொடுத்தல், சளி காய்ச்சல் உள்ளவரை அண்டவிடாதிருத்தல் என்பன வேண்டும். வீட்டில் ஒரு வெப்பமானி இருத்தல் இன்றியமையாதது. பாரன்ஹீட் கணக்கில் 100.4, செல்சியஸ் கணக்கில் 38 பாகையை வெப்பம் எட்டுமாயின், விடியட்டும் என்று காத்திராமல் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். காய்ச்சல் மாத்திரை ஒன்றைக் கொடுத்து உறங்கவைப்பது பெருந்தவறு. நோய் அதனால் மறையுமேயன்றித் தீராது.

மொழித்தூய்மை என்பது, பார்க்க வருவோர் கூறும் அச்சக் கதைகளை வாயிலிலேயே நிறுத்துவதும், பொய்யுரையாமல் ஆறுதல் கூறுவதுமாம். நோயின் பெயரையே நோயாளிக்கு மறைப்பது நம்மவர் வழக்கம். மறைக்கப்பட்டவள் பிறர் முகத்தைப் படித்துத் தானே அறிந்துகொள்கின்றாள். அறிந்தபின் தன் அச்சத்தைப் பகிர்ந்துகொள்ள ஒருவருமின்றித் தனியளாகின்றாள். எவ்வளவு அறிய விரும்புகின்றாய் என்று அவளையே கேட்டு, அவள் விரும்பும் அளவுக்கு மெய்யைச் சொல்லுதலே நேரியது. மனத்தூய்மையாவது, இந்நோயைச் சாபமென்றும் தண்டனையென்றும் கருதாதிருத்தல். உடம்பின் உயிரணுக்கள் வளர்ச்சியின் கட்டுமீறிப் பெருகுவதே புற்றுநோய். பழி தேடுமிடத்தில் மருந்து வேலை செய்யினும் மனம் வேலை செய்யாது.

மூன்றாவது, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் திறம். இதற்கு வேண்டுவது ஒரு நோட்டுப்புத்தகமும் ஓர் உறையுமே. புத்தகத்தில் நாள், கொடுத்த மருந்து, உடல் வெப்பம், எடை, உண்ட அளவு, வாந்தி, மலம் முதலியவற்றைக் குறித்துவரவேண்டும். உறையில் சோதனைத் தாள்கள் அனைத்தையும் நாள்வரிசையில் அடுக்கிவைக்கவேண்டும். ஒரு தாள் தொலைந்தால் அச்சோதனையை மறுபடியும் செய்ய நேரும். அதற்கு மறுபடியும் பணம் வேண்டும். குறித்த நாளில் மருந்தேற்றத் தவறலாகாது. கட்டி கரைந்துவிட்டது, உடம்பு தேறிவிட்டது, இனி மிச்சப்படுத்தலாம் என்று பாதியில் நிறுத்துவோர் உளர். நோய் மீண்டும் வருமாயின் முன்செய்த செலவு முழுதும் வீணாவதோடு, முன்னினும் கடுமையான சிகிச்சைக்கு மேலும் செலவழிக்கவேண்டியதாகும். பாதியில் விடுதல் சிக்கனம் போலத் தோன்றும் பெருஞ்செலவு.

நான்காவது அறிவு. மருத்துவரை வினவ வேண்டியன சில உள. இச்சிகிச்சை நோயை முற்றும் நீக்குவதற்கா, அன்றி வளராமல் தடுத்து வலியைக் குறைப்பதற்கா? இதனினும் செலவு குறைந்த, பயனில் குறையாத வேறு முறை உண்டா? மொத்தச் செலவு எவ்வளவு ஆகும்? இவற்றைக் கேட்டல் மருத்துவரை ஐயுறுவதாகாது. பணமின்மையை அவரிடம் மறைப்பதே தீங்கு. அறிந்தால் அவர் வேறு வழி காட்டக்கூடும்.

நோயைக் கேட்டவுடன் ஊருக்கு ஒருவர் ஒரு பொடியும் ஒரு லேகியமும் சொல்லுவர். புற்றுநோயைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடுத்திருக்கின்றது. தடுத்தும் அவை ஒழிந்தபாடில்லை. இதனை விளக்க ஒரு செடியைச் சான்று காட்டலாம். நம் வீட்டு முற்றத்தில் வளரும் நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்றும் கூறுவர். அதனை ஆராய்ந்த கனடா நாட்டு அறிஞர்கள் 1958-ல் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தமையை வெளியிட்டனர். பின்னர் வின்கிரிஸ்டின் என்பதும் அச்செடியினின்றே பெறப்பட்டது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் வின்கிரிஸ்டின் பயன்படுகின்றது. அதனால் அவ்விலையை அரைத்துக் குடிக்கலாமெனின், அது நஞ்சாய் முடியும். பல இலைகளினின்று பிரித்து, தூய்மை செய்து, உடம்பின் அளவுக்கேற்ப நிறுத்து, நரம்பின் வழியே செலுத்தும்போதே அது மருந்தாகின்றது. செடிக்கும் மருந்துக்கும் இடையேயுள்ள இத்தொலைவை அறிதலே உழைச்செல்வானின் அறிவு.

இனிப் பொருளைப் பற்றிக் கூறுவாம். நோய் தெரிந்த அன்றே தாலிச்சங்கிலியை அடகுக்கடைக்கு எடுத்துச் செல்லுதல் நம்மவர் இயல்பு. அது கடைசியில் செய்யவேண்டியது. முதலிற் செய்யவேண்டியது, தனக்குரிய உதவிகள் எவையெவை என்று அறிதல். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கப்பெற்றது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கென அது அப்போது வகுக்கப்பட்டது. அவ்வரம்பு பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2018-ல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டபின், குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் சிகிச்சை பெற வழி ஏற்பட்டது. குடும்ப அட்டையும், ஆதார் அட்டையும், கிராம நிர்வாக அலுவலர் வழியாகப் பெறும் வருமானச் சான்றும் கையில் இருத்தல் வேண்டும். சிகிச்சை தொடங்குமுன்னரே மருத்துவமனையிலுள்ள திட்ட அலுவலரைக் கண்டு அனுமதி பெறவேண்டும். பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர்க் கேட்பது பயன் தராது. எல்லாச் சோதனைகளும் எல்லா மருந்துகளும் திட்டத்தில் அடங்கா என்பதையும் நினைவிற் கொள்க.

அரசினர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. காஞ்சிபுரத்தையடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரால் அமைந்த அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கின்றது. அவ்வறிஞரும் இந்நோயாலேயே 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் காலமானார். ரயிலில் சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வசதியுள்ள இரண்டாம் வகுப்பில் கட்டணம் முழுதும் விலக்கப்படுகின்றது. உடன்செல்லும் ஒருவருக்கு நான்கில் மூன்று பங்கு குறைக்கப்படுகின்றது. மருத்துவமனையார் தரும் சான்று இதற்குப் போதும். உழைச்செல்வானை மருத்துவத்தின் ஒரு கூறாக ரயில்வேயாரும் ஒப்புக்கொண்டிருத்தல் கண்டு மகிழத்தக்கது.

மருந்துச் செலவைக் கணக்கிடுவோர் பலர். மற்றச் செலவை எழுதிவைப்போர் சிலர். நம் தையற்காரன் கடையை அடைக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு செலவு. நகரத்தில் தங்கும் அறை ஒரு செலவு. உணவு, ஆட்டோ, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்க்குக் கொடுப்பது ஆகிய யாவும் செலவே. ஆகவே கணக்கில் மருந்துக்கு ஒரு பத்தியும் மற்றவைக்கு ஒரு பத்தியும் வேண்டும். வாரந்தோறும் கூட்டிப் பார்த்தால், எப்போது கையிருப்புத் தீருமென்பது முன்கூட்டியே புலப்படும். முன்கூட்டியே தெரிந்தவன் கந்துவட்டிக்காரன் வாயிலில் நள்ளிரவில் நிற்கமாட்டான். கடும்வட்டி வாங்குதலை 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கின்றது. ஆயினும் அவசரத்தில் கையெழுத்திட்டவனைச் சட்டம் வந்து காப்பதற்குள் வீடு போய்விடும். கணக்கு எழுதுதல் அன்பில்லாதவன் செயலென்று எண்ணற்க. தலையணையருகே விழித்திருந்த இரவுக்கும், கணக்குப் புத்தகத்தின் முன் விழித்திருந்த இரவுக்கும் வேற்றுமை இல்லை.

ஆயினும், எத்துணைச் சிக்கனமான கணவனாலும் குறைக்கவியலாத விலைகள் உண்டு. கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்குரிய சோராஃபெனிப் என்னும் மாத்திரை ஒரு மாதத்திற்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய்க்கு விற்கப்பட்டது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் இந்தியக் கம்பெனியொன்றுக்குக் கட்டாய உரிமம் வழங்கி, மாதம் 8,880 ரூபாய்க்கு மேற்படாமல் விற்குமாறு ஆணையிட்டது. இரத்தப் புற்றுநோய் வகையொன்றுக்குரிய இமாடினிப் என்னும் மருந்துக்கு வேண்டப்பட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது. வழக்கு ஆண்டுகள் பல நடந்து, 2013 ஏப்ரல் 1-ஆம் நாள் உச்சநீதிமன்றமும் அம்மறுப்பையே நிலைநாட்டியது. அவ்வழக்கில் எதிர்த்து நின்றோருள் புற்றுநோயாளர்க்கு உதவும் சங்கமொன்றும் இருந்தது. எளிதிற் கிடைத்தல் மருந்தின் இலக்கணமாதலை உரையாசிரியர் சொல்லிச் சென்றார். அவ்விலக்கணம் நிறைவேறுவதற்குச் சட்டமும் சங்கமும் வேண்டியிருந்தன.

மருத்துவமனைகளும் அவ்வாறே எழுந்தன. டோராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் 1931-ல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். பெருஞ்செல்வராகிய கணவரால் மனைவியைக் காக்க முடியவில்லை. அவர் 1932-ல் தம் மனைவி பெயரால் அந்நோயின் ஆராய்ச்சிக்கு ஓர் அறநிலையம் அமைத்து, தம் செல்வத்தையும் அறத்திற்கே எழுதிவைத்து, அவ்வாண்டே மறைந்தார். அவர் ஏற்படுத்திய அறநிலையத்தின் பொருளால் பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941 பிப்ரவரி 28-ல் திறக்கப்பட்டது. நம் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1923-ல் தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரம் 31 ஆண்டு அவர் நெஞ்சில் நின்று, 1954 ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையமாக உருவெடுத்தது. ஏழையரையும் ஏற்றுப் பேணிவந்த அந்நிலையத்தில், 1955-ல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா அம்மையார் 2021-ல் தாம் மறையும்வரை தொண்டாற்றினார். ஒருவர் பக்கத்தே நடந்தவர், அவரை இழந்தபின் பல்லாயிரவர் பக்கத்தே நடக்கலாயினர்.

உழைச்செல்வானும் மனிதனே, அவனும் களைப்பான். உறங்காமலும் உண்ணாமலும் காப்பேன் என்பவன் இரண்டாம் மாதத்தில் தானே நோயாளியாவான். உதவி வேண்டுமா என்று கேட்கும் உறவினர்க்கு, வேண்டாம் என்று கூறுதல் பெருந்தன்மையன்று. ஒருவர்க்குப் பள்ளிப்பிள்ளைகளையும், ஒருவர்க்கு வெள்ளிக்கிழமை இரவையும், ஒருவர்க்குக் கடைச்சாவியையும் பகிர்ந்து கொடுத்தல் வேண்டும். மாணவராகிய நாமும் இதில் பங்கு பெறலாம். 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் உடையவர் இரத்தம் வழங்கலாம். அண்டைவீட்டாரின் விண்ணப்பத் தாளை நிரப்பிக் கொடுக்கலாம். கதிர்வீச்சு நாட்களுள் ஒன்றில் கணவனுக்கு மாற்றாக நாம் உடன்செல்லலாம்.

சிகிச்சை தோற்கும் வேளையும் உண்டு. இனி நோயை நீக்க இயலாது என்று மருத்துவர் கூறியபின்னரும், ஒன்றும் செய்யாதிருந்தோம் என்ற பழி வராமைப்பொருட்டு வீட்டை விற்று, பயனற்ற மருந்தைத் தேடி ஓடுவோரைக் காண்கின்றோம். செய்ய வேண்டியது அப்போதும் உண்டு. அது வலியைத் தணித்தல். வாய்வழி கொடுக்கும் மார்ஃபின் கடும்வலியை அடக்கவல்லது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது கிடைப்பது அரிதாயிருந்தது. 2014-ல் செய்த திருத்தம் அத்தடையைத் தளர்த்தியது. வலிதணிப்புப் பிரிவு எங்கே என்று கேட்டறிந்து, தன் வீட்டில், தன் பிள்ளைகள் நடுவே, வலியின்றி அவள் இருக்கச் செய்தலும் மருத்துவமே. அவளுக்குப்பின் அப்பிள்ளைகளுக்குக் கூரை இருக்கவேண்டுமென்பது அவள் விருப்பமாயின், அதனைக் காத்தலும் அவள்பால் வைத்த அன்பே.

நண்பர்காள்! மருத்துவராகும் பேறு நம்மிற் சிலர்க்கே உரியது. நோயாளியாதலை ஒருவரும் விரும்பார். மருந்தைக் கண்டுபிடிப்போர் மிகச் சிலர். எஞ்சிய நான்காங்கூறு மட்டும் நம்மனைவர்க்கும் என்றேனும் ஒருநாள் வந்து வாய்க்கும். வந்தநாளில் அன்பு ஒரு கையிலும் கணக்கு ஒரு கையிலுமாகப் பக்கத்தே நடக்கக் கற்றிருப்போமாக.